கடைசி ஆள் இல்லாத வரிசை

லியோன், பிரான்சு
2-10-2011

அன்புள்ள அக்காவுக்கு டிஜோ எழுதுவது.

இங்கே நான் சுகம். குளிர் தொடங்கிவிட்டது. வாரத்துக்கு இரண்டு நாள் சோறும் மீனும் கிடைக்கிறது, அதுவே பெரிய பாக்கியம். மடத்தில் நீயும் மதரும் மற்ற சிஸ்டர்மாரும் சுகம்தானே? உன் முதுகுவலி எப்படி இருக்கிறது? அம்மாவிடம் போனில் கேட்டால், "அவ கம்பிக்கு அந்தப் பக்கம் இருந்து சிரிக்கத்தான் செய்வா, வலியப் பத்தி ஒண்ணும் சொல்லமாட்டா" என்கிறாள். கிறிஸ்துமஸுக்கு முந்தின திருவருகைக்காலம் வந்தால் உங்கள் மடத்தில் கடிதம் கொடுக்கல் வாங்கல் நின்றுவிடும் என்பதால் முன்கூட்டியே எழுதுகிறேன்.

என் ஆராய்ச்சியைப் பற்றி மதருக்கும் புரிகிற மாதிரி எழுது என்று கேட்டிருந்தாய். அவர்தானே முதலில் பிரித்துப் படிக்கிறார். தோத்திரம் மதர், முயற்சி செய்கிறேன். மேட்ரிக்ஸ் என்பது எண்களைக் கட்டம் கட்டமாக அடுக்கியது. இரண்டு மேட்ரிக்ஸைப் பெருக்கும்போது எதை முன்னால் வைக்கிறோம் என்பதைப் பொறுத்து விடை மாறும். அந்த இரண்டு விடைகளின் வித்தியாசத்தையே ஒரு புதுப் பெருக்கலாக எடுத்துக்கொண்டால் அதற்கு லீ இயற்கணிதம் என்று பெயர். நான் வைத்திருக்கும் மேட்ரிக்ஸ்களுக்கு முடிவே கிடையாது, எண்கள் போய்க்கொண்டே இருக்கும். ஹோமாலஜி என்பது இப்படிப்பட்ட ஒன்றில் கழிய வேண்டியதெல்லாம் கழிந்த பிறகும் கழியாமல் நிற்கிற மிச்சம் என்ன என்று படிப்படியாகப் பார்ப்பது. சாதாரண வகையில் இரண்டாம் படியில் ஒரு மிச்சம் இருப்பது முப்பது வருடமாக எல்லோருக்கும் தெரிந்த விஷயம். நான் எடுத்திருப்பது கண்ணாடியில் பார்த்தால் குறி மாறுகிற ஒரு தனி வகை. அதில் அந்த மிச்சம் கிடையாது, பூஜ்யம் என்பதுதான் என் ஆய்வு.

அதை முடித்து வைத்தது நீதான். சுனாமியில் கடல் வந்ததற்கு அடுத்த ஜூனில், கணக்கில் மேல்படிப்பு முடித்து நீ மடத்துக்குப் போவதற்கு முந்தின நாள், துறையில் நம் வீட்டில் இருந்து நாலு பக்கம் எழுதித் தந்தாயே, நினைவிருக்கிறதா? பெருக்கல் வித்தியாசத்தின் மூலைவிட்டத்தைக் கூட்டினால் பூஜ்யம்தான் வரும். முடிவில்லாத மேட்ரிக்ஸிலும், மூலைவிட்டத்தில் நாலைந்து எண்கள் மட்டும் மிஞ்சினால் அவற்றின் கூட்டல் பூஜ்யம்தான் என்று. மூன்று வருடமாக நான் முட்டிக்கொண்டிருந்த இடத்தில் அது அப்படியே பொருந்திவிட்டது. ஆய்வேட்டில் உன் பெயரைப் போடட்டுமா? மதரிடம் கேட்டுச் சொல்.

பாசமுள்ள தம்பி,
டிஜோ

*

குலசேகரம்
6-11-2011

சேசு மரி சூசை துணை

என் அன்புத் தம்பிக்கு, அக்கா ஆசீரோடு எழுதுவது.

கடிதம் கிடைத்தது. எல்லோரும் சுகம். முதுகு இருக்கிறது, வலியும் இருக்கிறது, இரண்டும் ஒத்துப் போகின்றன. இங்கே மூன்று வாரமாக மழை, ரப்பர் வெட்ட ஆள் போகவில்லை. நாங்கள் நற்கருணை அப்பம் சுடுகிறோம்; ஈரத்தில் தகடு காய்வதில்லை, வெட்டினால் ஓரம் பிய்ந்துபோகிறது. கிறிஸ்துமஸுக்கு நாற்பது பங்குக் கோயில்களுக்குக் கொடுத்தாக வேண்டும்.

உன் கடிதத்தை மதர் மூன்று தடவை படித்துவிட்டுத் தந்தார். "ஒரு எழுத்தும் வெளங்கல்ல. ஆனா பாவமான காரியம் ஒண்ணும் இருக்கது மாதிரி தெரியல்ல. கொண்டு பெய் படி" என்றார். மதர் குழித்துறைக்காரி, சொல்வதை மறைக்கத் தெரியாது.

பெயர் போடுவதற்கு அவர் வேண்டாம் என்று சொல்லவில்லை. நான்தான் சொல்கிறேன், வேண்டாம். சரியாக இருக்கும் ஒன்றுக்கு ஆள் எதற்கு? அந்த நாலு பக்கத்தை நான் எப்படிக் கண்டேன் தெரியுமா? ஜெபமாலையைப் பார்த்துத்தான். மூன்று மேட்ரிக்ஸைப் பெருக்கி மூலைவிட்டத்தைக் கூட்டும்போது, முதலில் இருப்பதை எடுத்துக் கடைசியில் வைத்தாலும் கூட்டல் மாறுவதில்லை. மணியை உருட்டுகிற மாதிரிதான். ஐம்பத்து மூன்று மணி மாலை என்றாலும் நூற்று ஐம்பத்து மூன்று என்றாலும் சுற்றி வந்தால் தொடங்கின இடம். அளவு எவ்வளவு பெரிதானாலும் ஒன்றும் மாறவில்லை என்று பார்த்ததும் கடைசி வரியை எழுதிவிட்டேன்.

அடுத்த வருடம் செப்டம்பர் எட்டு, மாதா பிறந்தநாளில், எனக்கு இறுதி வார்த்தைப்பாடு. அதோடு நான் சாகும்வரை இந்த மடம்தான். கணக்கை அரைகுறையாக விட்டுவிட்டு வரவில்லை, முழுசாக முடித்து உன் கையில் கொடுத்துவிட்டுத்தான் உள்ளே வந்தேன். அந்த நிம்மதி எனக்குப் போதும் டிஜோ. பெயர் வேண்டாம்.

சளி பிடிக்காமல் தலையை மூடிக்கொண்டு நட.

உன் அக்கா

*

லியோன்
26-12-2011

அன்புள்ள அக்காவுக்கு,

கிறிஸ்துமஸ் வாழ்த்து. மதருக்கும் சொல். இந்தக் கடிதம் கையில் வரும்போது நீங்கள் பேச்சும் கேக்குமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். எனக்குச் சுகத்துக்குக் குறைவில்லை.

உன் விருப்பப்படி பெயர் போடவில்லை. "இந்தத் துணைத்தேற்றம் எனக்கு நேரில் தரப்பட்டது" என்று மட்டும் எழுதியிருக்கிறேன். என் வழிகாட்டி கேட்டார், யார் தந்தது என்று. சொந்தத்தில் ஒருவர் என்றேன். "நல்ல குடும்பம்" என்று சிரித்தார்.

இன்னொரு செய்தி. ஜூனுக்குள் பட்டம் கிடைத்துவிட்டால் செப்டம்பரிலிருந்து வேறொரு ஊர்ப் பல்கலைக்கழகத்தில் இரண்டு வருட வேலை தருவதாகச் சொல்லியிருக்கிறார்கள். ஜூனுக்குப் பிறகு இங்கே என் உதவித்தொகையும் இல்லை, விசாவும் இல்லை. ஆகவே எல்லாம் இந்த ஏட்டில்தான் இருக்கிறது. அப்பாவிடம் சொன்னேன். "வேலைக்கு எடுத்தாச்சுன்னு சொல்லு, எடுப்பினும்னு சொல்லாத. நான் கரையில சொல்லியாச்சு" என்றார். மரியானுக்க மோன் வெளிநாட்டில் வாத்தியார் என்று துறை முழுக்கப் பரவியிருக்கிறது.

முப்பதாம் பக்கத்திலிருந்து எழுபதாம் பக்கம் வரை நகல் எடுத்து இதோடு வைத்திருக்கிறேன். திருத்துவதற்கு இல்லை. சும்மா நீ பார்க்க வேண்டும் என்று ஆசை.

உன் தம்பி,
டிஜோ

*

குலசேகரம்
29-1-2012

சேசு மரி சூசை துணை

அன்புத் தம்பிக்கு,

நான் சுகம். மதருக்கு மட்டும் முழங்கால் வீக்கம். நீ சுகமாக இருப்பாய் என்று நம்புகிறேன்.

நகலைப் படிக்க மதர் ஞாயிற்றுக்கிழமை ஓய்வு நேரத்தில் அரைமணி கொடுத்தார். மூன்று ஞாயிறு படித்தேன். லே டிஜோ, நீ இவ்வளவு நன்றாக எழுதுவாய் என்று எனக்குத் தெரியாது. பள்ளிக்கூடத்தில் வகுத்தல் குறியைத் தலைகீழாகப் போட்ட பயலா இது? முப்பத்தைந்தாம் பக்கத்தில் பெரிய பிரச்சினையைச் சின்னதாக்கிக் கொண்டு வருகிறாயே, அந்த இடத்தில் வாய்விட்டுச் சிரித்துவிட்டேன். சிஸ்டர் பிளேவியா திரும்பிப் பார்த்தார்.

நாற்பத்தோராம் பக்கத்தை மட்டும் படிக்கவில்லை. அது என்னுடையது, அதில் படிக்க என்ன இருக்கிறது? தாண்டிப் போய்விட்டேன்.

பிப்ரவரி 22 சாம்பல் புதன். அன்றிலிருந்து ஈஸ்டர் வரை இங்கே கடிதம் கிடையாது என்பது உனக்குத் தெரியும். யாராவது செத்தால், அல்லது கடுமையாக நோய் என்றால் மட்டும்தான். நீ எழுதினால் மதரின் மேசை இழுப்பறையில் இருக்கும், ஈஸ்டர் திங்களன்று மொத்தமாகத் தருவார். உனக்காக ஒருசந்தி நோன்பு இருந்து வேண்டிக்கொள்கிறேன். அப்பா கரையில் சொன்னது உண்மையாகட்டும்.

உன் அக்கா

*

லியோன்
17-2-2012

அன்புள்ள அக்காவுக்கு,

சுகம். இது சாம்பல் புதனுக்கு முன்பு வந்து சேராது. மதர், தயவுசெய்து பத்திரமாக வையுங்கள்.

நேற்று ஏட்டைக் கொடுத்துவிட்டேன். நூற்றுப் பன்னிரண்டு பக்கம். இரண்டு தேர்வாளர்களுக்குப் போகிறது. ஏப்ரல் 27 அன்று எல்லோர் முன்னிலையிலும் வாய்மொழித் தேர்வு. அன்று போட நண்பன் ஒருவன் கோட்டு கடன் தருகிறான், கைதான் கொஞ்சம் நீளம். நீ இதைப் படிக்கும்போது எனக்கு இன்னும் ஏறக்குறைய மூன்று வாரம் இருக்கும்.

டிஜோ

*

குலசேகரம்
தவக்காலம் மூன்றாம் ஞாயிறு, 11-3-2012

சேசு மரி சூசை துணை

அன்புள்ள டிஜோ,

இந்தக் கடிதம் இப்போது உனக்கு வராது. ஆனாலும் எழுதுகிறேன், எழுதாமல் இருக்க முடியவில்லை. நீ சுகமா என்று கேட்கக்கூடப் பயமாக இருக்கிறது.

என் நாலு பக்கம் தப்பு.

எங்கள் கோயிலில் நாங்கள் பன்னிரண்டு பேர், மடத்துக்கு வந்த வரிசைப்படி நிற்போம். முதல் இடம் சிஸ்டர் யேசுரத்தினத்துக்கு, எண்பத்து மூன்று வயது. கடைசி இடம் எனக்கு. செவ்வாயன்று அவர் காய்ச்சலில் படுத்துவிட்டார், எல்லோரும் ஒரு இடம் முன்னே நகர்ந்தோம். வெள்ளியன்று ஜெபம் தொடங்கின பிறகு தடியை ஊன்றிக்கொண்டு வந்து நின்றார். எல்லோரும் ஒரு இடம் பின்னே நகர்ந்தோம். சங்கீதம் சொல்லிக்கொண்டே நான் அதைக் கணக்காகப் பார்த்தேன். அதுவே தப்பு, ஆனால் பார்த்தேன்.

முதலில் முன்னே நகர்ந்து, பிறகு பின்னே நகர்ந்தால், முதலில் நின்றவர் வெளியே போய்விடுவார், முன்னால் ஓர் இடம் காலி. அதையே மாற்றி, முதலில் பின்னே நகர்ந்து பிறகு முன்னே வந்தால், கடைசியில் நிற்கிற நான் வெளியே போவேன், பின்னால் ஓர் இடம் காலி. ஒரு முறையில் முன்னால் ஒன்று குறைகிறது, மறுமுறையில் பின்னால் ஒன்று. ஒன்றிலிருந்து ஒன்று போனால் பூஜ்யம். இதுதான் என் நாலு பக்கமும். பன்னிரண்டு பேர் என்றாலும் சரி, பன்னிரண்டாயிரம் பேர் என்றாலும் சரி. ஆனால் கடைசி ஆளே இல்லாத வரிசை என்றால்? பின்னே நகரும்போது யாரும் வெளியே போகமாட்டார்கள். முன்னால் குறைந்த ஒன்றுக்கு ஈடு கொடுக்கப் பின்னால் ஒருவரும் இல்லை. கூட்டல் பூஜ்யம் இல்லை டிஜோ, ஒன்று.

எந்த அளவுக்கும் சரியாக இருந்ததால் அளவே இல்லாததற்கும் சரி என்று எழுதிவிட்டேன். கையில் எப்போதும் ஜெபமாலை. அது வட்டம். முடிவில்லாத வரிசை எங்கேயும் போய்ச் சேர்வதில்லை என்பது எனக்குத் தோன்றவே இல்லை.

உன் கண்ணாடி வகையில் இரண்டு பக்கத்து மிச்சமும் ஒன்றையொன்று கழித்துவிடுமோ என்று ஆசையோடு போட்டுப் பார்த்தேன். கழியவில்லை. இரண்டும் சேர்ந்து இரண்டாகிறது. தனித்தாளில் எழுதி இதோடு வைக்கிறேன். உன் தேற்றம் நிற்காது.

காலையில் மதரிடம் போனேன். தம்பிக்கு ஒரு கடிதம் எழுத வேண்டும் என்றேன்.

"ஆருக்காவது தீனமா?"

"இல்ல மதர்."

"சாவா?"

"இல்ல மதர்."

"பின்ன ஈஸ்டருக்குப் பொறவு எழுதலாம் மக்களே. நாப்பது நாளு பொறுக்க ஒக்காத காரியம் என்ன இருக்கு?"

காரியம் இன்னது என்று நான் சொல்லியிருக்கலாம். அவர் கேட்டுக்கொண்டுதான் நின்றார். நான் தலையை ஆட்டிவிட்டு வந்துவிட்டேன். விதிக்குக் கீழ்ப்படிந்தேன் என்று வெளியே சொல்லிக்கொள்ளலாம். உண்மை அது இல்லை. ஜெப நேரத்தில் கணக்குப் போட்டதையும், ஏழு வருடமாகப் பெருமையாக மனதில் வைத்திருந்தது தப்பு என்பதையும் சொல்ல வெட்கமாக இருந்தது. என் வெட்கத்துக்காக நீ அந்தப் பொய்யான பக்கத்தோடு தேர்வாளர்கள் முன்னால் போய் நிற்கப் போகிறாய்.

அக்கா

*

லியோன்
சூசையப்பர் திருநாள், 19-3-2012

அன்புள்ள அக்காவுக்கு,

நான் நல்ல சுகம். உன் தவக்காலம் நல்லபடி போகிறதா? முதுகைப் பார்த்துக்கொள்.

ஒரு சின்னச் செய்தி. ஏட்டைத் திரும்ப வாங்கிவிட்டேன். அறுபத்தேழாம் பக்கத்தில் ஒரு குறிப் பிழை, முழுக்க என் கவனக்குறைவு. கூட்டலுக்குப் பதில் கழித்தல், அவ்வளவுதான், ஆனால் அதைச் சரிசெய்தால் பின்னால் வருவதெல்லாம் மாறுகிறது. கொஞ்ச நாள் கூடுதலாக ஆகும். இங்கே இதெல்லாம் சாதாரணம், எல்லோருக்கும் நடக்கிறது. வேலை விஷயமும் ஒழுங்காகிவிடும்.

உன் நாலு பக்கம் கல் மாதிரி நிற்கிறது. அதைப் பற்றிக் கவலை வேண்டாம். நீ செப்டம்பருக்கு மனதைத் தயார் செய்.

டிஜோ

*

குலசேகரம்
ஈஸ்டர் திங்கள், 9-4-2012

சேசு மரி சூசை துணை

டிஜோ,

உயிர்த்த ஆண்டவரின் சமாதானம் உனக்கு. எனக்குச் சமாதானம் இல்லை, கோபம்தான் இருக்கிறது.

காலையில் மதர் உன் இரண்டு கடிதத்தையும் தந்தார். நான் மார்ச்சில் எழுதி வைத்ததை இதோடு அனுப்புகிறேன், முதலில் அதைப் படி. என் பக்கம் தப்பு என்று எனக்கு ஒரு மாதமாகத் தெரியும். அப்படித் தெரிந்து வைத்துக்கொண்டு, "கல் மாதிரி நிற்கிறது" என்று நீ எழுதியிருப்பதைப் படித்தால் எனக்கு எப்படி இருக்கும்? அறுபத்தேழாம் பக்கத்தைச் சாப்பாட்டுக்குப் பிறகு இரண்டு தடவை போட்டுப் பார்த்தேன். அதில் குறிப் பிழையே கிடையாது. நல்ல பக்கம் அது. உனக்குப் பொய்கூட ஒழுங்காகச் சொல்ல வரவில்லை.

நேற்று அம்மா வந்திருந்தாள். கம்பிக்கு அந்தப் பக்கம் இருந்து பணியாரப் பொட்டலத்தைத் தள்ளிவிட்டு, "அவனுக்க வேல பெய்யாச்சு மக்களே. ஒனக்குத் தெரியாண்டாம்னு சொன்னான். நான் சொல்லல்லன்னு வச்சுக்கோ" என்று அழுதாள். அப்பா கரைக்கே போவதில்லையாம்.

அம்மா போன பிறகு மதரிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். ஜெப நேரத்தில் கணக்குப் போட்டது, பெருமை, வெட்கம், எல்லாம். அவர் தலையில் அடித்துக்கொண்டார். "ஏட்டி, கணக்கு செத்துப் போச்சுன்னு அன்னைக்கே ஒரு வார்த்த சொல்லியிருந்தா, நானே தபாலாபீசுக்கு ஆளனுப்பியிருப்பேனே. சாவுன்னா எழுதலாம்னு சட்டத்துல இருக்குல்லா?" என்றார். நான் சிரித்துக்கொண்டே அழுதேன்.

எப்போது தெரிந்தது உனக்கு? ஏன் மறைத்தாய்? சுற்றி வளைக்காமல் எழுது.

அக்கா

*

லியோன்
25-4-2012

அன்புள்ள அக்காவுக்கு,

சுகம் என்றுதான் எழுத வேண்டும், எழுதுகிறேன்.

மார்ச் பன்னிரண்டாம் தேதி தெரிந்தது. தேர்வாளர் ஒருவர் ஒரே வரி எழுதியிருந்தார்: "பக்கம் 41, கடைசி வாக்கியம், ஏன்?" மூன்று நாள் அந்தப் பக்கத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். முதலில் உன்மேல்தான் கோபம் வந்தது. பிறகுதான் என்னைப் பார்த்தேன். மற்றவர்கள் எழுதின ஒவ்வொரு வரியையும் சோதித்திருக்கிறேன். உன் நாலு பக்கத்தை மட்டும் ஒரு தடவைகூடச் சோதிக்கவில்லை. உன் கையெழுத்து என்பதால் அப்படியே எடுத்து வைத்துவிட்டேன். படித்தவன் செய்கிற வேலையா இது?

வேலை போய்விட்டது. வேறு ஒருவருக்குக் கொடுத்துவிட்டார்கள். இங்கே மாணவர்களுக்குப் பயிற்சி வகுப்பு எடுத்துக்கொண்டு இன்னும் ஒரு வருடம் இருக்க வழிகாட்டி ஏற்பாடு செய்திருக்கிறார்.

ஏன் மறைத்தேன் என்று கேட்கிறாய். நவம்பரில் நீ எழுதினது என் மேசைமேல் இருக்கிறது: "முழுசாக முடித்து உன் கையில் கொடுத்துவிட்டுத்தான் உள்ளே வந்தேன். அந்த நிம்மதி எனக்குப் போதும்." செப்டம்பரில் நீ சாகும்வரைக்குமான வார்த்தை கொடுக்கப் போகிறாய். அதற்கு முன்னால் நான் போய், நீ முடிக்கவில்லை அக்கா என்று எப்படிச் சொல்வது? நீ திரும்பி வந்துவிடுவாயோ என்று பயம். வரமாட்டாய், உள்ளேயே இருந்து வருந்துவாய் என்று அதைவிடப் பயம்.

உன் தனித்தாளை வழிகாட்டியிடம் காட்டினேன். கழியாமல் இரண்டாகிறது என்று போட்டிருக்கிறாயே, அதுதான் உண்மையான விடை என்கிறார். மிச்சம் பூஜ்யம் இல்லை, இருக்கிறது, அதை நீ கையில் பிடித்துக் காட்டிவிட்டாய். இரண்டு என்பது அதன் மதிப்பு; மிச்சம் ஒன்றே ஒன்றுதான், வேறு இல்லை என்பதை நான் நிரூபித்தால் ஏடு மறுபடி எழுந்துவிடும். புதிதாக எழுதுகிறேன். பழைய பக்கத்தை எடுத்துவிடுகிறேன், அப்படி ஒரு பிழை நடந்ததே யாருக்கும் தெரியாது. நீ கவலைப்படாதே.

டிஜோ

*

குலசேகரம்
20-5-2012

சேசு மரி சூசை துணை

என் அன்புத் தம்பிக்கு,

இங்கே எல்லோரும் சுகம். சிஸ்டர் யேசுரத்தினம் மறுபடி முதல் இடத்தில் நிற்கிறார். நீ சாப்பிடுகிறாயா? அம்மா உன் போட்டோவைக் காட்டினாள், கழுத்து எலும்பு தெரிகிறது.

பழைய பக்கத்தை எடுக்காதே. அதை அப்படியே வை. மேலே என் பெயரைப் போடு. ம. ரெஜிஷா என்று வீட்டுப் பெயரைப் போடு, மடத்துப் பெயர் வேண்டாம், அதை எழுதினபோது நான் ரெஜிஷாதான். எழுதின வருடம் 2005. பக்கத்தில், தவறு என்று போடு. அதற்குக் கீழே ஏன் தவறு என்று என் தனித்தாளில் இருப்பதை எழுது. சரியாக இருந்தபோது பெயர் வேண்டாம் என்றேன், அப்போது அதில் பெருமைதான் இருந்தது, அடக்கம் என்று நினைத்துக்கொண்டேன். உன் வேலை போனது இந்தப் பக்கத்தால். அதைச் செய்தது யார் என்று தெரியாமல் துடைத்துப் போட நான் சம்மதிக்கமாட்டேன். அதைச் செய்தவளும் நான்தான், கண்டுபிடித்தவளும் நான்தான்.

நான் திரும்பி வந்துவிடுவேனோ என்று பயந்தாய் அல்லவா? அதற்கும் பதில் சொல்கிறேன். ஈஸ்டருக்குப் பிறகு மதர், "மனசு எங்க கெடக்குன்னு நல்லா பாரு. செப்டம்பர் இல்லன்னா அடுத்த செப்டம்பர். ஆண்டவருக்குத் தெரக்கும் அவசரமும் இல்ல" என்று சொல்லிவிட்டார். ஒரு மாதம் பார்த்தேன். வெளியே ஒன்றை முடித்துவிட்டு வந்தேன் என்ற நினைப்பில்தான் இத்தனை வருடம் இங்கே இருந்திருக்கிறேன். அது முடியவில்லை என்று இப்போது தெரிகிறது, எனக்கு அது வேண்டும் என்றும் தெரிகிறது, கை அரிக்கிறது. ஆனாலும் காலையில் மணி அடித்ததும் எழுந்து அந்தக் கடைசி இடத்தில் போய் நிற்கத்தான் ஆசையாக இருக்கிறது. இரண்டும் இருக்கிறது டிஜோ. ஒன்று இருந்தால் மற்றது போய்விடும் என்று நானும் நினைத்திருந்தேன். செப்டம்பர் எட்டுதான். மாற்றவில்லை.

மதர் மாதத்துக்கு நாலு தாள்தான் எழுதலாம் என்பார். கணக்குத் தாளை எண்ணமாட்டாராம். "அது எனக்கு வெளங்காத்த பாஷை, அதுல நீ என்ன குத்தம் பேசப் போற" என்கிறார். ஆகவே அந்த ஒன்றே ஒன்றுதான் என்பதை எப்படி நிரூபிக்கிறாய் என்று எழுது. இந்தத் தடவை ஒவ்வொரு வரியையும் நான் பார்ப்பேன். நீயும் என்னுடையதைப் பார்.

அப்பாவைக் கரைக்குப் போகச் சொல். பிழை என்னுடையது, மகளுடையது என்று சொல்லட்டும்.

உன் அக்கா

*

லியோன்
22-2-2013

அன்புள்ள அக்காவுக்கு,

சுகமாக இருக்கிறேன். சாம்பல் புதன் போய் ஒன்பது நாள் ஆகிவிட்டது, ஆகவே இதை ஈஸ்டர் திங்களன்றுதான் படிப்பாய். மதர், இந்தத் தடவை சாவும் இல்லை, தீனமும் இல்லை. மேசை இழுப்பறையில் வைத்துக்கொள்ளுங்கள்.

செப்டம்பரில் உன் வார்த்தைப்பாட்டுக்கு வர முடியாமல் போனது இன்னும் ஆறவில்லை. அம்மா ஒவ்வொரு போனிலும், "நான் அழுதேன், அவ சிரிச்சா" என்று சொல்கிறாள். அப்பா கரைக்குப் போகிறார். என்ன சொன்னார் என்று கேட்டால், "பிள்ளைய ரெண்டும் சேந்து ஒரு கணக்குல தோத்துச்சு, பொறவு சேந்தே ஜெயிச்சுது" என்று சொன்னாராம். ஜெயிப்பதற்கு முன்னாலேயே சொல்லிவிட்டார், வழக்கம்போல.

நேற்று வாய்மொழித் தேர்வு. ஏடு ஏற்கப்பட்டது. இரண்டாம் படியில் மிச்சம் ஒன்று உண்டு, ஒன்று மட்டும்தான். நவம்பரில் என் நிரூபணத்தில் நீ பிடித்த இரண்டு ஓட்டைகளும் இல்லாவிட்டால் நேற்று நான் மறுபடி விழுந்திருப்பேன்.

நாற்பத்தோராம் பக்கத்தில் நீ சொன்னபடியே போட்டிருக்கிறேன்: "ம. ரெஜிஷா, 2005. தவறு." பெயரை எடுத்துவிடலாம், பாவம் என்று வழிகாட்டி கடைசிவரை சொன்னார். எழுதினவரே கேட்டிருக்கிறார் என்று சொல்லி நான் விடவில்லை.

போன வருடம் "ஏன்" என்று ஒரு வரி எழுதினாரே, அந்தத் தேர்வாளர் வந்திருந்தார். வயதானவர், கடுமையான முகம். மற்றவர்கள் என்னைக் கேள்வி கேட்டு முடித்த பிறகு அவர் நாற்பத்தோராம் பக்கத்தைத் திறந்து வைத்துக்கொண்டு, "எனக்கு உங்களிடம் கேள்வி இல்லை. ரெஜிஷாவிடம் ஒன்று கேட்க வேண்டும். அவர் எங்கே வேலை பார்க்கிறார்?" என்றார். என் அக்கா என்றேன். மடத்தில் இருக்கிறார், நற்கருணை அப்பம் சுடுகிறார், இப்போது தவக்காலம், ஈஸ்டர் வரை கடிதம் வாங்கமாட்டார் என்றேன். அறையில் யாரோ சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை. ஈஸ்டர் என்றைக்கு என்று கேட்டார். மார்ச் முப்பத்தொன்று என்றேன்.

பேனாவை எடுத்து ஒரு தாளில் ஏழெட்டு வரி எழுதி மடித்து, மேலே உன் பெயரையும் எழுதித் தந்தார். "அவசரமில்லை, காத்திருக்கிறேன் என்று சொல்லுங்கள்" என்றார். தாள் இதோடு இருக்கிறது. நான் பிரித்துப் பார்த்தேன், மன்னித்துக்கொள். மூன்றாம் படியைப் பற்றின கேள்வி. எனக்கு விடை தெரியவில்லை, அவருக்கும் தெரியாது என்றுதான் நினைக்கிறேன்.

உன் பதிலுக்கு,
டிஜோ